பழைய மெத்தை வீடு: மேல்தரைப் பலகைக்குக் கீழ மரம் எந்தப் பக்கமா ஓடுது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

வண்ணை_வடக்கு:

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிலை இருக்கிற எங்கட பழைய மெத்தை வீட்டை, அதாவது மாடி வீட்டைப் பற்றி ஒரு விளக்கம் வேணும். அப்பாவின்ர பேரனார் கட்டின வீடு, கல்லும் சுண்ணாம்பும் வைச்சுக் கட்டின ரெண்டடிச் சுவர், கீழ ஹோலும் விறாந்தையும், மேல ரெண்டு அறை. 95 இடம்பெயர்வு முடிஞ்சு திரும்பி வரேக்க கூரை பாதி இல்லை, அதைப் பேந்து திருத்தினது, ஆனா மேல்தரைப் பலகையும் அதுக்குக் கீழ கிடக்கிற மரமும் பழசு தான், இதுவரைக்கும் ஒருத்தரும் கை வைக்கேல்லை.

கீழ ஹோலை ரியூசன் வகுப்புக்கு வாடகைக்கு விட்டிருக்கு, அதாலை நானும் அம்மாவும் மேல தான் புழங்கிறது. இரவிலை அம்மா பாத்றூமுக்குப் படி இறங்கிப் போறது எனக்குச் சரியான பயம், அவவுக்கு முழங்காலும் ஏலாது. அதாலை மேல அறையின்ர ஒரு மூலையிலை 5க்கு 7 அடியிலை ஒரு பாத்றூம் எடுப்பம் எண்டு யோசிச்சு ஒரு மேசனைக் கூட்டி வந்து காட்டினன். அவர் சுத்திப் பாத்திட்டு, நாலங்குலக் கல்லு வைச்சுச் சுவர் கட்டி, பலகைக்கு மேல பொலித்தீன் விரிச்சு ரெண்டங்குலம் சீமெந்து போட்டு ரைல்ஸ் ஒட்டலாம், பழைய வைர மரம் ஒண்டும் செய்யாது எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். எனக்கு மனம் ஒப்பேல்லை, கீழ பிள்ளையள் இருந்து படிக்கிற இடம். முதல் அந்த மரம் எங்க எங்க கிடக்கு, எந்தப் பக்கமா ஓடுது எண்டு எனக்குத் தெரிய வேணும்.

குழப்பம் என்னெண்டா, அறை 14க்கு 22 அடி. மரம் எப்பவும் குறுகின பக்கமாத் தான் போடுவினம், பலகை அதுக்குக் குறுக்காலை வரும் எண்டு தான் வாசிச்ச இடமெல்லாம் கிடக்கு. அப்பிடியெண்டா மரம் 14 அடிப் பக்கமாவும் பலகை 22 அடிப் பக்கமாவும் ஓட வேணும். எங்கட வீட்டிலை பலகை 14 அடிப் பக்கமா ஓடுது. அப்ப கீழ கிடக்கிற மரம் 22 அடி நீளத்துக்கே போகுது? கீழ இருந்து பாக்க வழியில்லை, 80களிலை அப்பா தட்டைச் சீற் அடிச்சு சீலிங் போட்டிட்டார், பெயின்ற் பூசி ஒரே வெள்ளையாக் கிடக்கு. உடைக்காமல் அறிய ஏதும் வழி இருக்கோ?

---

கனடாக்குளிர்:

தங்கச்சி, நான் ஸ்காபரோவிலை இருக்கிறன், எங்கட வீட்டு மேல் தரையை நானும் இவரும் சேர்ந்து தான் கழட்டிப் பூட்டினது, அந்த அனுபவத்திலை சொல்லுறன்.

இஞ்ச மரம் நடுவுக்கு நடு 16 அங்குலம் தான் வழக்கம், அளக்கிற ரேப்பிலேயே ஒவ்வொரு 16க்கும் அடையாளம் போட்டிருக்கும். 12, 24 எண்டும் வரும். ஒண்டைக் கண்டுபிடிச்சிட்டா மிச்சத்தை அளந்துகொண்டு போகலாம். அந்த ஒண்டைப் பிடிக்க லேசான வழி ஆணி. பலகையை மரத்திலை தான் அறைஞ்சிருப்பினம், அதாலை ஆணி வரிசை எங்க ஓடுதோ அதுக்கு நேர கீழ மரம் ஓடுது. மெழுகும் பொலிசும் ஏறி ஆணித் தலை தெரியாட்டி ஒரு நல்ல காந்தத்தை மெல்லிசுத் துணியிலை சுத்திக்கொண்டு பலகைக்கு மேல மெல்ல இழுத்துப் பாருங்கோ, பழைய ஸ்பீக்கர் காந்தமே காணும். போனிலை திசைகாட்டி இருக்கெல்லோ, அதிலை காந்தப் புலத்தை அளக்கிற ஆப் போட்டாலும் இரும்பு வந்த இடத்திலை இலக்கம் ஏறும். பிடிச்ச இடமெல்லாம் சின்னச் சின்னதா மாஸ்கிங் ரேப் ஒட்டிக்கொண்டு போங்கோ, அறை முழுக்க ஒட்டி முடிய எழும்பி நிண்டு பாத்தீங்களெண்டா கோடு தானாத் தெரியும்.

இன்னொண்டு, ரெண்டு பலகை முனைக்கு முனை சந்திக்கிற மூட்டு பெரும்பாலும் ஒரு மரத்துக்கு மேல தான் வரும். அதையும் பாருங்கோ.

பாத்றூம் எடுக்கிறதெண்டா கொமட்டின்ர நாலங்குலப் பைப்பை முதல் யோசியுங்கோ. இஞ்சத்தைச் சட்டப்படி மரத்திலை போடுற ஓட்டை மரத்தின்ர உயரத்திலை காலுக்கு மேல போகக் கூடாது, மேல் விளிம்பிலையும் கீழ் விளிம்பிலையும் ரெண்டு ரெண்டு அங்குலம் விட வேணும். எட்டங்குல மரமெண்டாலும் ரெண்டங்குல ஓட்டை தான். நாலங்குலப் பைப் மரத்துக்குள்ளாலை போகவே ஏலாது, மரத்தோட சமாந்தரமா இடைவெளிக்குள்ளாலை தான் போக வேணும். கனபேர் இதை யோசிக்காமல் கொமட் வைக்கிற இடத்தை முடிவெடுத்துப்போட்டுப் பிறகு மரத்தை வெட்டினம், அது பெரிய ஆபத்து.

---

சங்கிலியன்_வீதி:

ஏன் இவ்வளவு யோசிக்கிறியள், சீலிங்கிலை ஒரு சீற்றை உடைச்சிட்டு ரோச் அடிச்சுப் பாத்தாச் சரி. திருப்பிப் போட ஒரு சீற் என்ன விலை வரப்போகுது.

---

சிவில்_கொக்குவில்:

உடைக்க வேண்டாம். 80களிலை அடிச்ச தட்டைச் சீற் எண்டா அது பெரும்பாலும் அஸ்பெஸ்ரஸ். சும்மா கிடக்கும் வரைக்கும் அது ஒண்டும் செய்யாது, உடைக்கேக்க, அரியேக்க, துளைக்கேக்க கண்ணுக்குத் தெரியாத தூசு பறக்கும், அது நுரையீரலுக்குள்ள போனா வருத்தம் வர இருபது முப்பது வருசம் எடுக்கும், ஆனா வந்தாத் தப்ப ஏலாத வருத்தம். அதுவும் கீழ பிள்ளையள் வந்து இருக்கிற ஹோல். கட்டாயம் ஒரு சீற் கழட்டத் தான் வேணுமெண்டா வகுப்பு இல்லாத நாளிலை, தண்ணி தெளிச்சு நனைச்சு, ஆணியை மெல்ல எடுத்து முழுசா இறக்க வேணும், முகத்துக்குச் சும்மா துணி கட்டிறது காணாது, நல்ல மாஸ்க் போட வேணும். என்ர எண்ணம், மேல இருந்து ஒரு பலகையைக் கழட்டிப் பாக்கிறது தான் உங்களுக்கு நல்லது.

பாரத்தைப் பற்றி நான் பிறகு வந்து எழுதுறன், கணக்குப் போட்டுப் பாக்க வேணும்.

---

ஓடாவிமகன்:

பிள்ளை, கனடாவிலை இருக்கிற தங்கச்சி சொன்ன ஆணி வரிசையும் காந்தமும் சரியான வழி, அதைச் செய்யுங்கோ. ஆனா 16 அங்குலக் கணக்கை இஞ்ச கொண்டுவராதேங்கோ. அங்க மரம் ஒரே அளவிலை ஆலையிலை அரிஞ்சு வாறது. இஞ்ச அந்தக் காலத்திலை வன்னியிலை இருந்து வந்த மரம் என்ன நீளமோ என்ன மொத்தமோ அதுக்கேத்த மாதிரித் தான் ஓடாவி, அதாவது தச்சர், இடைவெளி விட்டவர். ஒரே அறையிலை ஒண்டு 12 அங்குலம், பக்கத்திலை 15, அங்கால 14 எண்டு நான் கண்டிருக்கிறன். ஒண்டைக் கண்டுபிடிச்சிட்டு மிச்சத்தை அளந்து நம்பினீங்களெண்டா மரமில்லாத இடத்திலை போய்த் துளைப்பியள். ஒவ்வொண்டாப் பிடியுங்கோ.

இப்ப உங்கட குழப்பத்துக்கு வருவம். பலகை 14 அடிப் பக்கமா ஓடினா அதுக்குக் கீழ கிடக்கிற சின்ன மரம் 22 அடிப் பக்கமாத் தான் ஓடுது, அதிலை சந்தேகம் இல்லை. ஆனா 22 அடிக்கு ஒரே மரம் ஒருத்தரும் தாங்கில்லாமல் போடமாட்டினம். அப்ப அந்தச் சின்ன மரத்துக்குக் கீழ 14 அடிப் பக்கமாச் சுவருக்குச் சுவர் தீராந்தி எண்டுற பெரிய விட்டம் கிடக்க வேணும். ரெண்டு அடுக்கு வேலை. பெரிய அறையளுக்கு அந்தக் காலத்து ஓடாவிமார் இப்பிடித் தான் செய்தவை, என்ர ஐயாவும் ஊர்காவற்றுறைப் பக்கம் பழைய வீடு திருத்தேக்க எனக்குக் காட்டித் தந்தவர். பாரம் பலகையிலை இருந்து சின்ன மரத்துக்கு, சின்ன மரத்திலை இருந்து தீராந்திக்கு, தீராந்தியிலை இருந்து பக்கச் சுவருக்குப் போகும். நீங்கள் வாசிச்சது பிழையில்லை, பெரிய மரம் குறுகின பக்கமாத் தான் கிடக்கு, அது உங்கட கண்ணுக்குத் தெரியேல்லை.

இது உண்மையோ எண்டு ஒண்டையும் கழட்டாமல் பாக்க வழி இருக்கு. கீழ் நிலத்திலை இருந்து மேல் பலகை வரைக்கும் படிக்கட்டுப் பக்கமா அளவுங்கோ. பிறகு கீழ ஹோலிலை நிலத்திலை இருந்து சீலிங் வரைக்கும் அளவுங்கோ. ஒண்டிலை இருந்து மற்றதைக் கழிச்சா வாறது இடையிலை கிடக்கிற உயரம். ஒரு அடிக்கு உள்ள வந்தா ஒரு அடுக்கு மரம். ஒண்டரை அடிக்குக் கிட்ட வந்தா ரெண்டு அடுக்கு, இல்லாட்டி உங்கட அப்பா சீலிங்கை நல்லாப் பதிச்சு அடிச்சிருக்கிறார்.

மற்றது, சின்ன மரமும் 22 அடிக்கு ஒரே துண்டா வராது. எட்டடி ஒன்பதடித் துண்டுகளைத் தீராந்திக்கு மேல ஒண்டுக்குப் பக்கத்திலை ஒண்டு படுக்கவைச்சு அறைவினம். அதாலை ஆணி வரிசை நேர வந்துகொண்டிருந்து ஒரு இடத்திலை ரெண்டு மூண்டு அங்குலம் விலகிப் போகும். எல்லா வரிசையும் ஒரே நேர்கோட்டிலை விலகினா அந்தக் கோட்டுக்குக் கீழ தீராந்தி. மாஸ்கிங் ரேப் ஒட்டேக்க இதைக் கவனமாப் பாருங்கோ பிள்ளை.

காந்தம் அங்கங்க ஆணிக்கு மட்டும் இழுக்காமல் ஒரு கோடு முழுக்கத் தொடர்ந்து இழுத்தா அது வேற கதை. 90க்குப் பிறகு ரெயில் ஓடாத காலத்திலை தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கருக்குப் போனது எல்லாருக்கும் தெரியும், பேந்து வீடு திருத்தேக்க சில பேர் அதைத் தாங்குக்கும் வைச்சவை. அப்பிடி ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ.

பலகை கழட்டிறதெண்டா அலவாங்கு போட்டுக் கெளப்பாதேங்கோ, பழைய பலகை விளிம்பு சிம்பு சிம்பாப் போயிடும். சுவரோட கிடக்கிற கடைசிப் பலகையை எடுங்கோ. ஆணித் தலையிலை மெல்லிய பஞ்ச் ஒண்டை வைச்சு ஆணியை உள்ளுக்கு அடிச்சு இறக்கினாப் பலகை தானாக் கழண்டு வரும். நாக்கும் காடியும் வைச்சுக் கொழுவின பலகையெண்டா சுவர்ப் பக்கத்தாலை தான் கழட்ட ஏலும், நடுவிலை கழட்ட வெளிக்கிட்டா நாக்கு உடையும்.

---

சிவில்_கொக்குவில்:

தங்கச்சி, மேசன் சொன்ன பாத்றூமின்ர பாரத்தைக் கணக்குப் போட்டுப் பாத்தன். 5க்கு 7 எண்டா 35 சதுர அடி, 3.25 சதுர மீற்றர். ரெண்டங்குலச் சீமெந்து சதுர மீற்றருக்கு 100 கிலோவுக்குக் குறையாது, அப்ப 325 கிலோ. ரைல்ஸும் பசையும் இன்னொரு 60, 70 கிலோ. இது பெரிசில்லை. பெரிசு சுவர். மூலையிலை எடுக்கிறதாலை புதுசா ரெண்டு சுவர், 5 அடியும் 7 அடியும், சேர்த்து 12 அடி நீளம், 9 அடி உயரம். நாலங்குலக் கல்லும் ரெண்டு பக்கப் பூச்சும் சதுர மீற்றருக்கு 200 கிலோவுக்கு மேல வரும். அது மட்டுமே ரெண்டு தொன். எல்லாம் சேர்த்தா ரெண்டரைத் தொன்னுக்குக் கிட்ட, அதுவும் ஒரு நாளும் இறங்காத பாரம்.

வீட்டுத் தரைக்கு ஆக்கள், தளபாடம் எல்லாத்துக்கும் சேர்த்துப் பிரித்தானிய நியமத்தின்படி நாங்கள் கணக்கெடுக்கிறது சதுர மீற்றருக்கு 150 கிலோ. உங்கட 35 சதுர அடிக்கு அது 500 கிலோவுக்குக் கிட்ட. இப்ப மேசன் வைக்கச் சொல்லுறது அதைப்போல அஞ்சு மடங்கு. பழைய மரம் வைரமா இருக்கலாம், ஆனா இந்தத் தரை படுக்கிற அறைக்கெண்டு போட்ட தரை. மேல தண்ணித் ராங் ஒண்டும் வைச்சா 500 லீற்றருக்கு இன்னும் அரைத் தொன்.

சீமெந்தையும் பலகையையும் பற்றி இன்னொரு கவலை. பலகை மாரிக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும். மேல போட்ட சீமெந்து அதோட சேர்ந்து அசையாது, வெடிக்கும். வெடிப்புக்குள்ளாலை இறங்கிற தண்ணி பொலித்தீனுக்கு மேல தேங்கி விளிம்பாலை மரத்துக்குப் போகும். மேல இருந்து ஒண்டும் தெரியாது.

---

வண்ணை_வடக்கு:

எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. சனி ஞாயிறு வகுப்பு முடிஞ்ச பிறகு தம்பியையும் வைச்சுக்கொண்டு எல்லாம் பாத்தம்.

படிக்கட்டாலை அளந்து கழிச்சுப் பாத்தா ஒரு அடி ஆறங்குலம். ஓடாவி ஐயா சொன்ன மாதிரியே.

காந்தம் வைச்சு ரேப் ஒட்டினம். ஆணி வரிசை 22 அடிப் பக்கமாத் தான் ஓடுது, இடைவெளி 13, 15, 14, ஒரு இடத்திலை 11, சுவரோட ஒட்டின மாதிரியும் ஒரு வரிசை. முன்பக்கச் சுவரிலை இருந்து 7 அடி 4 அங்குலத்திலை எல்லா வரிசையும் ஒரேயடியா மூண்டங்குலம் விலகுது, பேந்து பின்பக்கச் சுவருக்கு 7 அடி இருக்கேக்க திரும்பவும் விலகி முந்தின நேருக்கு வருது. அப்ப தீராந்தி ரெண்டு. தம்பி அந்தக் கோட்டுக்கு மேல நிண்டு குதிக்கால் ஊண்டிப் பாத்தான், அங்க அசைவே இல்லை, ரெண்டுக்கும் நடுவிலை செம்பிலை வைச்ச தண்ணி நல்லா அலம்புது. தொடர்ந்து இழுக்கிற இரும்பு ஒரு இடமும் இல்லை.

பிறகு ரெண்டு தீராந்திக் கோட்டுக்கும் மேல கிடக்கிற பலகையைக் கழட்டினம், நாக்குக் காடி இல்லை, சும்மா பக்கத்திலை பக்கத்திலை வைச்சு அடிச்சது, அதாலை நடுவிலையும் சுகமா வந்திட்டுது. உள்ளுக்கு முழுக்கப் புழுதி, பழைய குளவிக் கூடு, ஒரு பக்கம் எலி கொண்டுபோய்ச் சேர்த்த பனங்கொட்டைத் தும்பு. சின்ன மரம் ரெண்டரைக்கு அஞ்சு அங்குலம், கறுத்து நல்ல வடிவாக் கிடக்கு, வாச்சியாலை செதுக்கின தடம் ஒவ்வொண்டா எண்ணலாம் போல. பலகை எடுத்த இடைவெளியாலை போனை ரோச்சோட உள்ளுக்கு இறக்கி வீடியோ எடுத்தம். தீராந்தி எட்டுக்குப் பத்து இருக்கும், மேல பாக்கிற பக்கம் மஞ்சள் கலந்த நிறம், நல்ல இழை. முன்பக்கத் தீராந்தியின்ர முனை சுவருக்குள்ள போற இடம் காய்ஞ்சு சுத்தமாக் கிடக்கு.

பின்பக்கத் தீராந்தி தான் எனக்கு நெஞ்சு பதறினது. கிழக்குச் சுவருக்குள்ள போற முனை கறுத்து ஈரமாக் கிடக்கு, சுவரிலை சுண்ணாம்பு உப்புப் பூத்துக் கிடக்கு, மரத்திலை வெள்ளையாப் பூஞ்சணம். கூரான ஸ்குறூ டிரைவரைத் தள்ளிப் பாத்தம், பெலன் போடாமலே ஒரு அங்குலம் உள்ளுக்குப் போகுது. அதே தீராந்தியிலை சுவரிலை இருந்து ஒண்டரை அடி தள்ளிக் குத்தினா நுனி கூட இறங்கேல்லை. வெளியாலை போய்ப் பாத்தா அந்த இடத்துக்கு நேர மேல கூரைத் தண்ணி போற பீலி மூட்டு விட்டு, சுவரிலை பாசி வழிஞ்சு கிடக்கு. மேசன் பாத்றூம் எடுக்கச் சொன்ன மூலை இதே கிழக்குப் பின் மூலை, ஏனெண்டா கக்கூஸ் குழி அந்தப் பக்கம்.

இப்ப என்ன செய்யிறது? கீழ வகுப்பை நிப்பாட்ட வேணுமோ?

---

கனடாக்குளிர்:

கடவுளே, நல்ல காலம் முதல் பாத்தீங்கள். வகுப்பை அந்தப் பக்கத்திலை இருந்து இண்டைக்கே எடுங்கோ தங்கச்சி, கேக்கவே வேண்டாம்.

---

ஓடாவிமகன்:

பிள்ளை, பயப்பிடாதேங்கோ, ஆனா சுணங்காதேங்கோ. முனை மட்டும் இத்துப் போய் மிச்சம் நல்லா இருக்கிறது பழைய வீடுகளிலை கனக்க நடக்கிறது தான். சுவருக்குள்ள போற முனைக்குக் காத்து இல்லை, வெளியாலை நனைஞ்ச சுவர் வருசம் முழுக்க அதுக்கு ஈரத்தைக் குடுத்துக்கொண்டிருக்கும். எங்கட மழையிலை பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலை கொண்டலோடையும் வாடையோடையும் அடிக்கிற மழை, கிழக்குச் சுவரும் வடக்குச் சுவரும் தான் வாங்கும். எந்த வீட்டிலையும் நான் முதல் அந்த ரெண்டு சுவரிலை கிடக்கிற முனையளைத் தான் குத்திப் பாக்கிறது.

நிறமும் இழையும் நீங்கள் சொன்னதை வைச்சுப் பாத்தா தீராந்தி முதிரையா இருக்கலாம், சின்ன மரம் கறுப்பெண்டா பனையோ எண்டு யோசிக்கிறன். வெட்டு முகத்திலை கறுப்பு இழை புள்ளி புள்ளியாத் தெரிஞ்சாப் பனை தான். பனையெண்டா ஒண்டு கவனியுங்கோ: பனைக்கு வைரம் வெளிப்பக்கம், உள்ளுக்குச் சோற்றி, மெத்தெண்ட பாகம். வெளிப்பக்கத்தைத் தட்டிப் பாத்தாக் கணீரெண்டு கேக்கும், உள்பக்கம் சோற்றி கரைஞ்சு போயிருந்தாலும் கேக்கும். அதாலை தட்டிப் பாத்து நம்பாமல் சோற்றிப் பக்கத்திலை குத்திப் பாருங்கோ, முக்கியமாச் சுவர் முனையளிலை. கறையான் மண் ஏறிக் கிடக்கோ எண்டும் பாருங்கோ.

வேலை ஒழுங்கைச் சொல்லுறன். முதல் பீலி. அதைத் திருத்தாமல் உள்ளுக்கு என்ன செய்தாலும் வீண். ரெண்டாவது முட்டு, தீராந்திக்குக் கீழ, சுவரிலை இருந்து ரெண்டடி தள்ளி, நல்ல மரம் இருக்கிற இடத்திலை. மூண்டாவது சுவர் காய வேணும். வெளியாலை சீமெந்துப் பூச்சு பூசி ஈரத்தை மறிப்பம் எண்டு மேசன் சொன்னா விடாதேங்கோ, சுண்ணாம்புச் சுவருக்கு மேல சீமெந்து பூசினா உள்ளுக்குப் போன ஈரம் வெளிய வர வழியில்லாமல் மரத்துக்குத் தான் வரும். பழையபடி சுண்ணாம்புச் சாந்தே பூசுங்கோ. சுவர் நல்லாக் காய்ஞ்ச பிறகு இத்த முனையை நல்ல மரம் வரைக்கும் வெட்டிப்போட்டு ரெண்டு பக்கமும் இரும்புத் தகடு வைச்சுப் போல்ற் போட்டு அந்தத் தகட்டைச் சுவருக்குள்ள விடலாம், இல்லாட்டி சுவரோட ஒரு தூண் எழுப்பித் தீராந்தியை அதிலை இருத்தலாம். எப்பிடிச் செய்தாலும் புது முனைக்குச் சுத்திவர ஒரு விரல் இடைவெளி விட்டுக் காத்துப் போக விட வேணும், சாந்து போட்டு அடைக்கக் கூடாது.

மற்ற மூண்டு முனையையும் பாக்காமல் விடாதேங்கோ.

---

சிவில்_கொக்குவில்:

ஓடாவி அண்ணை சொன்னதோட முழுக்க ஒத்துப் போறன். தகடா தூணா எண்டுறதை ஒரு எஞ்சினியர் வந்து பாத்து அளவு தர வேணும், தகட்டின்ர மொத்தமும் போல்ற்றின்ர இடமும் இஞ்ச எழுதித் தாற விசயமில்லை.

பாத்றூம் விசயம், அம்மாவுக்குக் கட்டாயம் தேவை, அது விளங்குது. என்ர யோசனை, அதைப் பழைய தரைக்கு மேல வைக்கவே வேண்டாம். கிழக்குச் சுவருக்கு வெளியாலை, நிலத்திலை இருந்து நாலு கொங்கிறீற் தூண் எழுப்பி, மேல தளம் போட்டு, அந்தத் தளத்திலை பாத்றூமைக் கட்டுங்கோ. பழைய சுவரிலை பாரம் சாத்த வேண்டாம், ஒரு அங்குலம் விலத்தி நிக்கட்டும், இடைவெளிக்கு மேல தகடு போட்டு மழைத் தண்ணி இறங்காமல் மூடுங்கோ. மேல அறைக்கு யன்னல் ஏதும் அந்தச் சுவரிலை இருந்தா அதையே கீழ இறக்கிக் கதவாக்கலாம், புது நிலை வெட்டத் தேவையில்லை, மேல இருக்கிற விட்டமும் அப்பிடியே இருக்கும். கொமட் பைப் நேர வெளியாலை இறங்கும், ஒரு மரத்தையும் வெட்டத் தேவையில்லை. காசு மேசன் சொன்னதை விடக் கூடத் தான் வரும், மறைக்கேல்லை. அத்திவாரம் தோண்டேக்க பழைய சுவரின்ர அத்திவாரத்துக்குக் கீழ போகாமல் பாத்துக்கொள்ளுங்கோ, பழைய வீடுகளுக்கு அத்திவாரம் ஆழமில்லை.

---

வண்ணை_வடக்கு:

அந்தச் சுவரிலை ஒரு யன்னல் இருக்கு, முன்பக்கத் தீராந்திக்கும் பின்பக்கத் தீராந்திக்கும் நடுவிலை. அம்மாவுக்குச் சொன்னன், அவவுக்கும் விருப்பம், அந்தப் பக்கம் காணியும் இருக்கு, ஒரு தேசி மரம் மட்டும் தான் போகும். வகுப்பு எடுக்கிற மாஸ்ரரோட கதைச்சு வாங்கெல்லாம் முன் பாதிக்கு எடுத்தாச்சு, பின் பாதியைக் கயிறு கட்டி மறிச்சிருக்கு. மற்ற முனையளும் குத்திப் பாத்தம், மேற்குச் சுவரிலை ரெண்டும் நல்லம். சின்ன மரம் பனை தான், புள்ளி தெரியுது, சோற்றிப் பக்கம் ரெண்டு மரத்திலை கொஞ்சம் உதிருது ஆனா கறையான் இல்லை.

முட்டு நாளைக்கு வைக்கப் போறம், இரும்பு ஜக் வாடகைக்கு எடுத்திருக்கு. சீலிங் சீற்றுக்கு மேல தானே தீராந்தி கிடக்கு, அப்ப அந்த இடத்துச் சீற்றைக் கழட்டாமல் வைக்க ஏலாது தானே? கீழ நிலம் பழைய சிவப்புச் சீமெந்து, அது தாங்குமோ? ஜக்கை எவ்வளவு இறுக்கிறது?

---

ஓடாவிமகன்:

ஓம் பிள்ளை, அந்த ஒரு சீற் இறக்கத் தான் வேணும். எஞ்சினியர்த் தம்பி சொன்னபடி நனைச்சு, முழுசா, ஒருத்தரும் இல்லாத நேரம். இறக்கின சீற்றைப் பொலித்தீனாலை சுத்தி வையுங்கோ, வளவுக்குள்ள உடைச்சுப் போடாதேங்கோ.

சிவப்புச் சீமெந்துக்குக் கீழ மண் தான் இருக்கும், ஜக்கின்ர அடித்தகடு சின்னன், நேர வைச்சாப் புதையும். ரெண்டங்குல மொத்தம், மூண்டடி நீளம் வாறமாதிரி நல்ல பலகை ஒண்டை முதல் விரிச்சு, அதுக்கு மேல ஜக்கை வையுங்கோ. மேலயும் தீராந்திக்கும் ஜக்குக்கும் இடையிலை ஒரு பலகைத் துண்டு. ஒண்டு காணாது, ரெண்டு ஜக் பக்கத்திலை பக்கத்திலை. தூக்குநூல் பிடிச்சு நேர் பாத்து நிப்பாட்டுங்கோ, சரிஞ்சு நிண்டாப் பாரம் வரேக்க வழுக்கும்.

இறுக்கிறது கையாலை தொட்டு முட்டின பிறகு அரைச் சுத்து, அவ்வளவு தான். தீராந்தியைத் தூக்க வெளிக்கிடாதேங்கோ, அது இத்தனை காலமா இருந்த இருப்பிலை சுவரும் பலகையும் பழகிக் கிடக்கு, தூக்கினா மேல சுவர் வெடிக்கும். கீழ இறங்காமல் பிடிச்சாச் சரி. அடுத்த நாள் காலமை ஜக்கைக் கையாலை அசைச்சுப் பாருங்கோ, பலகை அமத்தினதாலை தளர்ந்திருந்தா இன்னொரு கால் சுத்து. பீலிக்கு ஆள் வர முதல் மழை வந்தா மூட்டுக்குக் கீழ ஒரு தகடு சாத்தியாவது தண்ணியைச் சுவருக்கு விலத்தி விடுங்கோ. வெள்ளிக்கிழமை நான் கோண்டாவிலிலை ஒரு வேலைக்கு வாறன், பின்னேரம் வந்து பாக்கிறன், விலாசத்தைத் தனியா அனுப்புங்கோ.